பன்னிரண்டு பேருக்கு உப்பு நாக்கு

இயேசு மரி சூசை

கரடியூர்
28-2-2026, சனிக்கிழமை

ஜைனப்புக்கு,

மேல் பங்களா தெரசம்மாள் எழுதுவது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இப்படித்தான் கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. உன்னோடு வாய் திறந்து பேசுவதில்லை என்று முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் மாதா சுரூபத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தவள் நான். எழுதுவது பேச்சில் சேராது. அதனால்தான் என் மகள் போனை நீட்டியும் வாங்காமல் காகிதம் வாங்கிவரச் சொன்னேன். மினி பஸ் கண்டக்டர் சக்திவேல் கொண்டுவந்து தருவார். பதிலையும் அவரிடமே கொடு.

விஷயம் இது. பங்களா கைமாறி இப்போது வெளியூர்க்காரர் தங்கும் விடுதியாக இருக்கிறது. என் மகள் ரெஜினா அங்கே சமையலுக்குச் சேர்ந்து இரண்டு மாதம். நிரந்தரம் இல்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பெங்களூர் மேடம் சொல்லியிருக்கிறது. மார்ச் 14 சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு அங்கே மேடத்தின் விருந்து, பன்னிரண்டு பேர். அதற்குச் சார்கூட்டரி போர்டு வேண்டுமாம். அது என்ன எழவு என்று கேட்டேன். ரெஜினா போனில் படம் காட்டினாள். ஒரு மரப் பலகை. அதன் மேல் உப்புப் போட்டு ஊறவைத்த கறியை மெலிதாகச் சீவி மடித்து வைத்து, சுற்றிலும் சீஸ், ரொட்டி, பழம், ஊறுகாய், முந்திரி என்று மரம் தெரியாமல் அடுக்குவது. இலை கிடையாது, பந்தி கிடையாது. நின்றபடியே பொறுக்கித் தின்பார்களாம்.

இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா. "எங்கம்மா இதே பங்களாவுல உப்பு நாக்கு போடுவாங்க மேடம், கடையில வாங்கறது கிட்டயே நிக்காது" என்று சொல்லிவிட்டாள். மேடம் அதை விருந்து அட்டையில் அச்சடித்துவிட்டது. இனி இல்லை என்றால் வேலையும் இல்லை.

வேக வைப்பதும் சீவுவதும் என் கை. உப்புப் பக்குவம் உன் கை, அது எனக்கு வராது. மாட்டு நாக்கு இரண்டு வேண்டும். முடியும் என்றால் எழுது. பழசைக் கிளறாதே. கிளறினால் என்னிடமும் நிறைய இருக்கிறது.

தெரசம்மாள்


786

ஏற்காடு
1-3-2026

தெரசாக்காவுக்கு ஜைனப் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தை மருமகள் நிலோஃபர் நோன்பு திறந்த பிறகுதான் கையில் கொடுத்தாள். "வெறும் வயித்துல படிச்சா உங்களுக்கு மயக்கம் வந்துரும் மாமி" என்றாள். யாரிடமிருந்து என்று பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் உங்கள் பெயரைத் தெரியாதவர் இல்லை.

நாக்கு கிடைக்கும். மகன் அன்வர்தான் இப்போது கடை நடத்துகிறான். என் கைப் பக்குவமும் மறந்துவிடவில்லை. உங்கள் பணம் வேண்டாம். வேறொன்று வேண்டும்.

1993, மார்ச் 12, வெள்ளிக்கிழமை. அன்றும் எங்களுக்கு ரமலான், உங்களுக்குத் தவக்காலம். இந்த வருஷம்போல இரண்டும் ஒன்றாக வந்திருந்தன. காலையில் என் வீட்டுக்காரர் சையத் இப்ராஹிம் உப்பில் ஊறிய இரண்டு நாக்கையும் வாளியில் வைத்துச் சைக்கிளில் ஏற்றிக் கரடியூர் வரை தள்ளிக்கொண்டே வந்து பங்களாவில் உங்கள் அடுப்படியில் இறக்கினார். "இன்னிக்கே அடுப்புல ஏத்திருங்கக்கா, நாளைக்குன்னா தாங்காது" என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். மறுநாள் பங்களா விருந்தில் தின்றவர்களெல்லாம் வாந்தி எடுத்தார்கள். எஸ்டேட் முதலாளியின் அம்மா சேலத்து ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தார். முதலாளி கேட்டபோது நீங்கள் சொன்னது நாலே வார்த்தை. "கறி குடுத்த எடத்துல கேளுங்க."

அதற்குப் பிறகு எந்த எஸ்டேட்டும் எங்களிடம் வாங்கவில்லை. கடையை மூடினார். அடிவாரத்தில் இன்னொருவர் கடையில் கூலிக்கு வெட்டினார். 2009இல் மௌத்தானார். இப்போதிருக்கும் கடை பிற்பாடு அன்வர் திறந்தது.

இன்று வாடிக்கைக்காரர் யாராவது கறியை முகர்ந்து பார்த்தால் அன்வர் என்ன சொல்கிறான் தெரியுமா? "நான் எங்கத்தா மாதிரி இல்லீங்க, தைரியமா வாங்குங்க." பெற்ற மகன் சொல்கிறான். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நாக்கை அடுப்பில் ஏற்றினீர்களா, இல்லையா? அதை மட்டும் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அன்வருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

ஜைனப்


இயேசு மரி சூசை

கரடியூர்
2-3-2026

ஜைனப்புக்கு,

கிளறாதே என்றேன், கிளறிவிட்டாய். சரி, நானும் எழுதுகிறேன்.

விருந்து முடிந்த ஆறாம் நாள், காலை பத்து மணி. நான் வாசலில் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நீ பாசிப் பச்சைப் புடவையில் வந்தாய், கால் செருப்பு ஒன்றில் வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, என் வாசல் மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, "எம் புருசன் வயித்துல அடிச்சவளே, நீ தனியாக் கெடந்து சாவே" என்று தூற்றினாய். ரெஜினாவுக்கு அப்போது ஐந்து வயது. அந்த மண் அவள் தலையில் விழுந்தது, நான் தட்டிவிட்டேன். அதே வருஷம் செப்டம்பர் 21, அவள் அப்பா மரக்கிளை கழிக்க ஏறியவர் விழுந்தார். சேலம் போய்ச் சேரும் முன்னே பிராணன் போய்விட்டது. துக்கத்துக்கு ஊரே வந்தது. உன் வீட்டிலிருந்து ஒரு ஆள் வரவில்லை.

இதையெல்லாம் விட்டுவிட்டு, அடுப்பில் ஏற்றினாயா என்று என்னைக் கேட்கிறாய். அந்தச் சமையல்கட்டில் நாற்பது வருஷம் இருந்தவளைக் கேட்கிறாய்.

நாக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். சேலத்தில் டப்பாவில் விற்கிறதாம், வாங்கிக்கொள்கிறோம்.

தெரசம்மாள்


786

ஏற்காடு
4-3-2026

தெரசாக்காவுக்கு,

டப்பாவில் உப்பு நாக்கு சேலத்தில் விற்காது. உங்களுக்கும் தெரியும்.

நேற்றே இரண்டு நாக்கை உப்பில் போட்டுவிட்டேன். நீங்கள் எழுதுவீர்களா என்று காத்திருந்தால் நாள் போதாது. கல்லுப்பு, நாட்டு வெல்லம், மிளகு, கிராம்பு, பிரிஞ்சி இலை, எல்லாம் பழைய கணக்குத்தான். கொதித்து ஆறிய தண்ணீர். மேலே கல் வைத்து அமுக்கி, ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டு முழுவதையும் காலி செய்து வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் திருப்பிவிடுகிறேன். கொடுப்பதா வேண்டாமா என்பது வேறு விஷயம்.

மண் வாரித் தூற்றியது உண்மை. அன்று என் வீட்டில் மூன்றாவது நாளாக உலை வைக்கவில்லை. அது காரணம் இல்லை, தப்புத்தான். உங்கள் வீட்டுக்காரர் விழுந்த செய்தி கேட்ட அன்று, என் வாய்தான் அவரைத் தள்ளியதோ என்று நினைத்தேன். வர வேண்டும் என்று புறப்பட்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் பக்கத்தை எழுதிவிட்டேன், அக்கா. உங்களிடம் கேட்டது ஒரே கேள்வி.

இன்னொன்று. மேடம் பெங்களூரிலிருந்து பன்றிக் கறி கொண்டுவருவார் என்று சக்திவேல் சொன்னார். அது இருக்கும் பலகையில் என் வீட்டுக் கறி ஏறக் கூடாது.

ஜைனப்


இயேசு மரி சூசை

கரடியூர்
8-3-2026, ஞாயிறு

ஜைனப்புக்கு,

நீ பஸ் ஸ்டாண்டு வரை வந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. அதை விடு.

பன்றிக் கறி விஷயம் பேசியாகிவிட்டது. ரெஜினா மேடத்திடம் நைசாகத்தான் கேட்டாள், நான்தான் ஜன்னலுக்கு வெளியே நின்று, "ரெண்டும் ஒரே பலகைன்னா நாக்கு வராதுன்னு சொல்லு கண்ணு" என்று சத்தமாகச் சொன்னேன். மேடத்துக்குக் கேட்டுவிட்டது. ஹாம் என்கிற அந்தப் பன்றிக் கறி தனிப் பீங்கான் தட்டில், தனி மேசையில், தனிக் கத்தி. சரிதானா.

பலகைக்கே பெரிய சண்டை. ரெஜினா சில்வர் ஓக்கில் புதிதாக இழைத்து வாங்கி வைத்திருந்தாள். முகர்ந்து பார்த்தால் பச்சை மர வாசம். அதில் சீஸ் வைத்தால் சீஸும் மரமாகிவிடும். பழைய பலாமரப் பலகை, நான் கறி நறுக்கினதில்லை, மாவு தேய்த்தது, அதைத் தேங்காய் நாரும் உப்பும் போட்டுத் தேய்த்து மூன்று நாள் வெயில் காட்டியிருக்கிறேன். பச்சை மிளகுக் கொத்தை எலுமிச்சையில் ஊறப்போட்டாகிவிட்டது. கொய்யாவைக் கிளறிக் கெட்டியாகத் துண்டு போட்டிருக்கிறேன். ஆரஞ்சு, தேன், முந்திரி, அவித்த முட்டை. பட்டர் ஃப்ரூட் கறுத்துவிடும், கடைசியில்தான் வெட்ட வேண்டும். ரெஜினா ஒத்திகைக்கு எல்லாவற்றையும் மேசையில் வட்டம் வட்டமாக அடுக்கிப் பார்க்கிறாள், கோலம் போல. நடுவில் பெரிய இடம் விட்டிருக்கிறாள். அது நாக்குக்கு.

அந்த இடத்தை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். கொடுப்பதாக இருந்தால் வியாழக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடு. கொடுக்கவில்லை என்றாலும் சொல்லிவிடு, இடத்தை வேறு எதையாவது போட்டு அடைக்க வேண்டும்.

தெரசம்மாள்


786

ஏற்காடு
12-3-2026, வியாழக்கிழமை

தெரசாக்காவுக்கு,

நாக்கு இரண்டும் இந்த டப்பாவில் இருக்கின்றன. பதில் வரவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன். ரெஜினா உங்கள் பெண், எனக்கும் அவள் தலையில் மண் போட்ட கடன் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் போன கரண்ட் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வந்தது. மீன்காரரிடம் ஐஸ் வாங்கி வந்து கட்டினேன். ஆனால் ஐஸ் கிடைப்பதற்குள் பத்து மணி ஆகிவிட்டது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு என்னால் சத்தியம் செய்ய முடியாது. "அதைப் போய் ஏம்மா எழுதறே? அந்தம்மாகிட்ட நீயே வாயக் குடுத்துராதே" என்றான் அன்வர். எழுதியே தீருவேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

நேற்று அடியில் ஒரு துண்டு வெட்டி வேகவைத்துப் பார்த்தேன். சமைக்கிறவள் நோன்போடு நாக்கு நுனியில் வைத்து ருசி பார்த்துத் துப்பிவிடலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் எப்போதோ சொல்லியிருந்தார். 93இல் அது எனக்குத் தெரியாது. உப்பு சரி, புளிப்பு இல்லை. என் நாக்குக்கு அப்படித் தெரிந்தது. வயது அறுபத்தெட்டு, என் நாக்கை மட்டும் நம்ப வேண்டாம். இதன் ருசி எப்படி இருக்க வேண்டும் என்று இந்த மலையில் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். ரெஜினா ஒரு தடவைகூடத் தின்றதில்லை. நீங்களும் பாருங்கள். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். கறி கொடுத்த இடம் இது என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

இன்றைக்கோ நாளைக்கோ அடுப்பில் ஏற்றிவிடுங்கள். சனிக்கிழமை வரை வைக்காதீர்கள்.

ஜைனப்


இயேசு மரி சூசை

கரடியூர்
15-3-2026, ஞாயிறு, பூசைக்குப் பிறகு

ஜைனப்புக்கு,

இந்தக் கடிதத்தை அன்வருக்குப் படித்துக் காட்டலாம். அதற்காகத்தான் பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

1993 மார்ச் 12 காலை ஒன்பதரைக்கு இப்ராஹிம் வாளியை அடுப்படியில் இறக்கினார். கறி நன்றாக இருந்தது. நான் துணியை விலக்கி முகர்ந்தேன், கிராம்பு வாசம்தான் வந்தது. "இன்னிக்கே ஏத்திருங்கக்கா" என்று அவர் சொன்னது உண்மை. ஒரு தடவை இல்லை, சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவையும் சொன்னார்.

நான் ஏற்றவில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சாப்பிட மட்டுமில்லை, வெள்ளிக்கிழமைகளில் கறியைக் கையாலும் தொடமாட்டேன் என்று அந்த வருஷம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் குடியை நிறுத்த வேண்டும் என்று. சிலுவைப் பாதைக்கு நேரமாகிவிட்டது என்று வாளியை அடுப்புப் பக்கத்திலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ஃப்ரிட்ஜில் தூக்கி வைத்திருக்கலாம். அதற்கும் கறியை வாளியிலிருந்து தொட்டு எடுக்க வேண்டுமே என்று விட்டேன். பக்கத்திலேயே நாள் முழுக்க விறகு எரிந்தது. சனிக்கிழமை காலை மூடியைத் திறந்ததும் பழைய கஞ்சி வாடை அடித்தது. எனக்குத் தெரிந்தது. விருந்துக்கு ஆறு மணி நேரம்தான் இருந்தது. வினிகரையும் கிராம்பையும் இரண்டு பங்கு போட்டு வேகவைத்தேன். தவக்காலம் என்று ருசியும் பார்க்கவில்லை. ருசி பார்க்காததுதான் எனக்கு வசதியாக இருந்தது. பார்த்திருந்தால் கொட்ட வேண்டியிருக்கும்.

முதலாளி கேட்டபோது பக்கத்தில் எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் அண்ணாதுரை நின்றார், கையில் குடை. நான் அந்த நாலு வார்த்தையைச் சொன்னேன். அதற்குப் பிறகும் நான் அதே சமையல்கட்டில் இருந்தேன், இப்ராஹிம் கடையை மூடினார். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், உனக்குத் தெரியும். இதுவும் இருந்தது.

உன் டப்பா வியாழக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நானே எடுத்துக் கழுவி ஏற்றினேன். "வெள்ளிக்கெழமைங்கம்மா, நான் பாத்துக்கறேன், நீங்க தள்ளுங்க" என்றாள் ரெஜினா. "போடி அந்தப் பக்கம்" என்றேன். மூன்றரை மணி நேரம் வெந்தது. சூட்டோடு தோலை உரித்து, ஆட்டுக்கல் குழவியை வைத்து அமுக்கினேன். நுனியில் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, அடியில் ஒரு துண்டு சீவி, மூன்றையும் மென்று முழுங்கினேன். துப்பவில்லை. நாற்பது நாளை முறித்தாகிவிட்டது, சாமியாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. நல்ல பக்குவம். வெல்லம் கொஞ்சம் கூட, வயதானால் உனக்கு இனிப்பு ஏறுகிறது.

நேற்று நாலு மணிக்குப் பலகை போனது. ரெஜினா விட்டிருந்த இடத்தில் நாக்கை மடித்து அடுக்கினேன், பக்கத்தில் பச்சை மிளகு. இருபது நிமிஷத்தில் நடுவில் மரம் தெரிந்தது. ஹாம் தட்டில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. மேடம் சமையல்கட்டுக்கே வந்து, "ரெஜினா, மே மாச சீசனுக்கு வேற ஆள் பார்க்க வேண்டாம்" என்றது. யார் ஊறவைத்தது என்று கேட்டது. "ஏற்காடு பஜார்ல சையத் இப்ராஹிம் ஊட்டுப் பக்குவமுங்க" என்றேன். இன்றைக்குக் காலை வரை பன்னிரண்டு பேரும் சௌக்கியம். ஆள் ஆளாகப் போய்க் கேட்டுவிட்டுத்தான் பூசைக்குப் போனேன்.

நீ மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. மண் தூற்றியதை நானும் மறக்க மாட்டேன்.

தெரசம்மாள்


786

ஏற்காடு
16-3-2026

தெரசாக்காவுக்கு,

கடிதத்தை அஸர் தொழுகைக்குப் பிறகு நான் ஒரு தடவை படித்தேன். நோன்பு திறந்ததும் அன்வருக்கு நிலோஃபர் படித்துக் காட்டினாள்.

அவன் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டான். "ஏம்மா இதெல்லாம் நீ எங்கிட்டச் சொல்லல?" என்றான். "நூறு தடவை சொன்னேன் சாமி, அத்தா மேல உள்ள பாசத்துல நான் சொல்றதா நெனச்சு நீ சிரிச்சே" என்றேன். எழுந்து முகம் கழுவப் போனான். குழாயைத் திறந்து விட்டுவிட்டு அப்படியே நின்றான்.

திரும்பி வந்து காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "இத நான் கடையில ஒட்டி வெக்கறதா? அத்தா பேரக் கெடுத்தது காகிதமில்ல, வாயி. ஊரெல்லாம் கேக்கற மாதிரி சொன்னாங்க. அதே மாதிரி வந்து சொல்லச் சொல்லு. பத்துப் பேர் நிக்கறப்போ சொல்லணும்" என்றான்.

உங்கள் சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். "அது அவங்க பிரச்சினை" என்றான். அவன் பேச்சு கடுமையாக இருக்கிறது. ஆனால் அவனைத் தப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாகத் தெரிந்தது, அடித்துவிட்டேன். காகிதத்தில் கறை இருப்பது அதனால்தான்.

ஜைனப்


இயேசு மரி சூசை

கரடியூர்
17-3-2026

ஜைனப்புக்கு,

உன் மகன் சொல்வது நியாயம். மாதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், முப்பத்துமூன்று வருஷம் கேட்டவளுக்கு இதுவும் கேட்கும்.

பத்துப் பேர் போதாது. அன்றைக்கு முதலாளி வீட்டிலேயே பதினைந்து பேருக்கு மேல் நின்றார்கள், அதற்குப் பிறகு எட்டு எஸ்டேட்டுக்குப் பரவியது. ரம்ஜான் பெருநாளுக்கு முந்தின நாள் உங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது என்று சக்திவேல் சொல்கிறார். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். ரெஜினாவைக் கூட்டிவரவில்லை.

கூட்டம் எத்தனை மணிக்கு அதிகம் என்று எழுது. அந்த நேரத்துக்கு வந்து நிற்கிறேன்.

தெரசம்மாள்